தோட்டத்து மரபிடங்களும் இளையோரின் எதிர்காலக் கற்பனையும்: ஜெஞ்சாரோம் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் பெருஞ்சாலையில், தெலுக் பங்லிமா காராங்கைக் கடந்தபின் எதிர்ப்படும் சிறுநகர் ஜெஞ்சாரோம். சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்தது. வெளியூரார் இவ்வூரை அறிந்திருப்பது பெரும்பாலும் சீனப் புத்தாண்டுக் காலத்தில் விளக்கொளியில் திளைக்கும் டோங் சென் பௌத்த ஆலயத்தால். சற்று வரலாறு பயின்றோர், அவசரகாலத்தில் முள்வேலிக்குள் அமைக்கப்பெற்ற புதுக்கிராமங்களுள் ஒன்றாக இதனை அறிவர். 2018ஆம் ஆண்டில், வெளிநாடுகளிலிருந்து வந்து குவிந்த நெகிழிக் கழிவுகளால் உலகச் செய்தி ஏடுகளிலும் இவ்வூரின் பெயர் இடம்பெற்றது. இவ்வடையாளங்கள் எதனுள்ளும் தமிழர் வாழ்வு தென்படவில்லை. ஆயினும் ஊரைச் சூழ்ந்த நிலம் முழுவதும் ஒரு காலத்தில் பால்மரக் காடு. இன்று செம்பனைக் காடு. அவ்விரு காடுகளையும் உருவாக்கிய உழைப்பில் பெரும்பகுதி தமிழருடையது.

மரபுரிமை வாய்ந்த இடங்களின் எதிர்காலத்தை இளையோர் எவ்வாறு கற்பனை செய்கின்றனர், அக்கற்பனைக்கு என்ன மதிப்பு உண்டு என்னும் வினாக்கள் அண்மைக் காலமாகப் பண்பாட்டு ஆய்வுத் துறையில் ஒரு தனிப் பொருளாகவே வளர்ந்துள்ளன. அவ்வினாக்களை ஜெஞ்சாரோம், கேரித் தீவு, பந்திங் ஆகியவை அடங்கிய வட்டாரத்தின் தோட்டத்து இடங்களுக்குப் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். தோட்டத்தில் பிறவாத ஒரு தலைமுறை இப்போது பல்கலைக்கழக வகுப்புகளில் அமர்ந்திருக்கிறது. பாட்டன் பாட்டியர் வாழ்ந்த இடத்தைப் பற்றிய முடிவுகள் அத்தலைமுறையின் காலத்தில்தான் எடுக்கப்படப் போகின்றன என்பதால், இதனை வெறும் கோட்பாட்டு வினாவாக நாம் கருதவில்லை.

மரபிடம்: சட்டமும் வழக்கும்

நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுரிமைச் சட்டம் இயற்றப்பெற்று, 2006 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடப்பில் இருந்த 1976ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பழமையை முதன்மை அளவுகோலாகக் கொண்டது. நூறு ஆண்டு என்பது அதன் பொதுவான எல்லை. புதிய சட்டமோ பழமையோடு நில்லாமல், ஓர் இடத்தின் வரலாற்று முதன்மை, அதனோடு இணைந்த சமூக, பண்பாட்டுத் தொடர்புகள், கல்விப் பயன் முதலியவற்றையும் கருத்தில் கொள்கிறது. கண்ணுக்குப் புலனாகாத மரபுகளும் அதனுள் அடங்கும். இவற்றினும் முதன்மையானது, தேசிய மரபுரிமைப் பட்டியலில் ஒன்றைச் சேர்க்குமாறு எவரும் அமைச்சருக்குப் பரிந்துரைக்கலாம் என்னும் விதி. வரலாற்றறிஞரோ கட்டடக் கலைஞரோதான் பரிந்துரைக்க வேண்டும் என்பதில்லை. ஒரு மாணவரும் அதற்குரிய படிவத்தை நிறைவு செய்து அனுப்பலாம்.

சட்டம் இவ்வளவு திறந்த கதவுடன் இருந்தும், தோட்டத்து இடங்கள் அதனுள் நுழைய முடியாமைக்குக் காரணம் உண்டு. நிலம் மாநில அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டது. 2005ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தால் மரபுரிமைப் பாதுகாப்பு நடுவண் அரசுக்கும் மாநிலங்களுக்கும் பொதுவான பட்டியலில் வைக்கப்பட்டதாயினும், மாநிலத்தில் உள்ள ஓரிடத்தை மரபுரிமைத் தலமாக அறிவிக்க அம்மாநிலத்தின் இசைவு வேண்டும். நில உரிமையாளருக்கு முன்னறிவிப்புத் தரப்பட வேண்டும். அவர் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். தோட்டத்தின் உரிமையாளர் ஒரு நிறுவனம். லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பத்திற்கு அவ்வீட்டின்மீது சட்டப்படி எவ்வுரிமையும் இல்லை. வேலை உள்ளவரை வீடு என்பதே தோட்டத்து நியதி. ஆகவே, ஓரிடத்தின்மீது மிகுந்த நினைவுகளை உடையோர் அதன்மீது எவ்வகை உரிமையும் அற்றோராக இருக்கும் ஒரு விசித்திர நிலை இங்குக் காணப்படுகிறது.

கோல லங்காட் மாவட்டத்தில் அரசாலும் மக்களாலும் மரபிடங்களாக ஏற்கப்பட்டவை எவை என்று நோக்கினால் இந்நிலை மேலும் தெளிவாகும். ஜூக்ராவில் சுல்தான் அப்துல் சமாட்டின் கல்லறை மாடம் உள்ளது. சுல்தான் அலாவுடின் சுலைமான் ஷா 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிமுடித்த பண்டார் அரண்மனை உள்ளது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படைகள் வந்திறங்கிய மோரிப் கடற்கரையில் நினைவுச் சின்னம் நிற்கிறது. கேரித் தீவின் சுங்கை பும்புன் கிராமத்தில் மா மெரி பழங்குடியினரின் மரச் சிற்பக் கலை உலகப் புகழ் பெற்றுள்ளது. இவை அனைத்தும் போற்றத்தக்கவையே. ஆயின் அரசரும் படையினரும் பழங்குடியினரும் வரலாற்றில் நின்ற இதே மாவட்டத்தில், நூற்றாண்டுக்கு மேல் உழைத்த தோட்டத் தொழிலாளரின் வரலாற்றைச் சொல்லும் பொதுவிடம் ஒன்றேனும் மக்கள் மனத்தில் பதிந்துள்ளதாகக் கூற இயலவில்லை.

முள்வேலியின் இரு பக்கங்கள்

2024 பிப்ரவரியில் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சர் ஙா கோர் மிங், சிலாங்கூரில் உள்ள சீனப் புதுக்கிராமங்களை யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலுக்குப் பரிந்துரைக்கும் எண்ணத்தை வெளியிட்டார். அதற்கு அரசியல் அரங்கில் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. அவ்விவாதத்தின் அரசியலுள் நாம் புக விரும்பவில்லை. ஆனால் அதில் ஒரு குரலும் எழுப்பாத கேள்வி ஒன்று நமக்கு உரியது.

1950இல் சர் ஹெரால்ட் பிரிக்ஸ் வகுத்த திட்டத்தின்படி, காட்டோரங்களில் வாழ்ந்த மக்கள் பொதுவுடைமைக் கொரில்லாக்களுக்கு உணவும் தகவலும் தாராவண்ணம் வேலியிட்ட ஊர்களில் குடியமர்த்தப்பட்டனர். 450க்கும் மேற்பட்ட புதுக்கிராமங்களில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு குடியேற்றப்பட்டதைப் புவியியல் அறிஞர் கெர்னியல் சிங் சந்து 1960களில் விரிவாக ஆராய்ந்து எழுதினார். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சீனர். இதுவரை பாடநூல்களும் சொல்லும். பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடும் மற்றொரு பகுதியும் அதே ஆய்வில் உண்டு. தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் சிதறிக் கிடந்த தொழிலாளர் குடியிருப்புகளை ஓரிடத்தில் திரட்டி வேலியிடும் நடவடிக்கையும் அதே காலத்தில் நடந்தது. அவ்வாறு திரட்டப்பட்டோர் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அதாவது புதுக்கிராமங்களில் குடியேறியவர்களைவிட மிகுதி. தோட்டத் தமிழர் முள்வேலியை அறிந்தது இவ்வழியேதான்.

இரு நடவடிக்கைகளுக்கும் நோக்கம் ஒன்று, வேலி ஒன்று, ஊரடங்கு ஒன்று. விளைவோ வேறு. புதுக்கிராமத்தில் குடியமர்ந்தவர் காலப்போக்கில் நிலப் பட்டா பெற்றார், கடை வைத்தார், அவ்வூருக்குப் பெயரும் அஞ்சல் முகவரியும் கிடைத்தன. ஜெஞ்சாரோம் அவ்வாறே ஊராயிற்று. தோட்டத்தில் வேலியிடப்பட்ட லயமோ தோட்டத்தின் ஓர் உறுப்பாகவே இருந்து, பால்மரம் செம்பனைக்கு இடங்கொடுத்தபோதும், தோட்டம் விற்கப்பட்டபோதும் சுவடின்றி மறைந்தது. ஒன்று மரபுரிமைப் பட்டியலுக்குப் பேசப்படும் தகுதி பெற்றதற்கும் மற்றொன்று பேச்சிலேயே இடம்பெறாமைக்கும் இடையிலுள்ள வேறுபாடு நில உரிமையின் வேறுபாடே அன்றி வரலாற்றின் வேறுபாடு அன்று.

இவ்வட்டாரத்தின் அக்கால வாழ்வு முற்றிலும் பதிவின்றிப் போகவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' என்னும் நாவல் இந்த ஆற்றோரத்தையும் அவசரகாலத்தையும் களமாகக் கொண்டது. ஆசிரியர் இம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்து ஆசிரியப் பணி ஆற்றியவர். ஆவணக் காப்பகத்தில் பிரிட்டிஷ் அதிகாரியின் கண்வழியே மட்டும் கிடைக்கும் ஒரு காலத்தை இந்நாவல் ஆற்றோரக் குடியானவனின் கண்வழியே காட்டுகிறது. இலக்கிய மாணவர்கள் இதனை நாவலாக மட்டும் படித்துத் தேர்வெழுதிவிட்டுச் செல்வது நமக்கு வருத்தம் தருவதே. நாவலைக் கையில் ஏந்தி லங்காட் ஆற்றங்கரையில் நடக்கும் ஒரு நாள் பயணம், மூன்று மணிநேர விரிவுரைக்கு நிகராகும்.

மிதிவண்டியும் பெரட்டுக் களமும்

மரபிடம் என்றவுடன் கட்டடத்தையே எண்ணும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியுள்ளது. தோட்டத்தில் அவ்வாறு எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட லயம் நீடித்து நிற்பதற்காகக் கட்டப்பட்டதன்று. துரையின் மாளிகைதான் நிற்கும். எனவே கட்டடத்தை மட்டும் காப்பதாயின், தோட்டத்து வரலாறு துரையின் வரலாறாகவே எஞ்சும்.

தோட்டத்தில் பொருள் பொதிந்தவை பல, கட்டடம் அல்லாதவை. விடியுமுன் இரும்புத் துண்டைத் தட்டி ஆள்களை வரவழைத்துப் பேரேட்டில் பெயர் குறித்த பெரட்டுக் களம், வெறும் மண் தரை. தாய்மார் வேலைக்குச் செல்கையில் பிள்ளைகளை விட்டுச் சென்ற ஆயாக் கொட்டகை, நான்கு தூணும் கூரையும். முனியாண்டி சாமிக்கு ஒரு மரமும் சூலமுமே கோயில். தோட்டத்துச் சாலையோ அதனினும் எளியது; ஆனால் அச்சாலையில்தான் மலாயாத் தமிழர் வரலாற்றின் ஒரு பெருநிகழ்வு பதிந்துள்ளது.

1941ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெரும் வேலை நிறுத்தத்தில் ஈடுபட்டனர். 'தமிழ் நேசன்' நாளிதழின் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன் இதில் முன்னணியில் நின்றவர். அவர் மே மாதம் கைது செய்யப்பட்டதும் போராட்டம் மேலும் பரவியது. அரசு படையை வரவழைத்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள் சீனத் தொழிலாளருக்கு இணையான ஊதியம், கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல் ஆகியவை அடங்கும். இவற்றோடு, துரைமாரோ கிராணிமாரோ எதிரே வருகையில் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் கட்டாயத்தை நீக்குதலும் ஒரு கோரிக்கை.

இக்கடைசிக் கோரிக்கையை வகுப்பில் சொல்லும்போது மாணவர் முகங்களில் தோன்றும் மாற்றத்தை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஊதியக் கணக்கு அவர்களை அவ்வளவாகத் தொடுவதில்லை. மிதிவண்டியிலிருந்து இறங்குவது தொடுகிறது. ஓர் இடத்தை மரபிடமாக்குவது அங்கு நிற்கும் சுவரன்று; அங்கு ஒருவர் நிமிர்ந்ததோ குனிந்ததோ என்பதை இதனால் உணரலாம். கிள்ளான் வட்டாரத்தில் எந்தச் செம்மண் சாலையையும் சுட்டி இந்நிகழ்வைச் சொல்லலாம். சொல்வாரின்றேல் அது சாலை மட்டுமே.

பிறநாட்டு முயற்சிகள்

1972ஆம் ஆண்டு உலக மரபுரிமை உடன்படிக்கை கல்வியின் பங்கை வலியுறுத்தியபோதும், இளையோரை நேரடியாக ஈடுபடுத்தும் திட்டத்தை யுனெஸ்கோ 1994இல்தான் தொடங்கியது. அடுத்த ஆண்டு நார்வே நாட்டின் பெர்கன் நகரில் முதல் உலக மரபுரிமை இளையோர் மன்றம் கூடியது. அத்திட்டத்தின் தொடக்க நோக்கம் இளையோருக்குக் கற்பித்தல். அதாவது பெரியோர் மதிப்பவற்றை இளையோரும் மதிக்கச் செய்தல். அண்மைக் காலத்தில் இப்பார்வை மாறி வருகிறது. இலண்டனில் ரோட்னி ஹாரிசன் தலைமையில் 2015 முதல் 2019 வரை நடைபெற்ற ஆய்வுத் திட்டமும், சுவீடனில் கொர்னேலியஸ் ஹோல்டார்ஃப் பொறுப்பேற்றுள்ள யுனெஸ்கோ ஆய்விருக்கையும் வேறொரு வினாவை எழுப்பின. மரபுரிமைப் பணியாளர் அனைவரும் 'எதிர்காலத் தலைமுறைக்காக' என்று சொல்கின்றனரே, அந்த எதிர்காலத்தை எவரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா என்பதே அவ்வினா. பெரும்பாலும் இல்லை. இன்றைய உலகமே அப்படியே நீளும் என்னும் ஊகத்தில்தான் பாதுகாப்புத் திட்டங்கள் தீட்டப்படுகின்றன.

கோட்பாட்டைவிடத் தமிழருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டுகள் இரண்டு உள்ளன. மொரீசியசுத் தீவில் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய அப்பிரவாசி காட் 2006இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கு எஞ்சியிருப்பது மூலக் கட்டடத் தொகுதியின் சிறு பகுதியே. கரையேறிய கற்படிகள்தாம் அதன் உயிர். எஞ்சியது சிறிதாயினும் பொருள் பெரிதாயின் உலகம் ஏற்கும் என்பதற்கு அது சான்று. இரண்டாவது இலங்கையின் கம்பளைக்கு அருகில் உள்ளது. 2007இல் அங்கு ஒரு பழைய லயத்தையே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றியமைத்தனர். தொழிலாளர் பயன்படுத்திய கருவிகள், பாத்திரங்கள், ஆவணங்கள் முதலியன அவர்கள் வாழ்ந்த அறையிலேயே வைக்கப்பட்டுள்ளன. அரசின் பெருநிதி அன்று, ஒரு சமூக நிறுவனத்தின் முயற்சியே இதனைச் செய்தது.

நாம் ஆய்வு மாணவராகப் பிரிட்டனில் இருந்த காலத்தில் வேல்ஸ் நாட்டின் பிளேனாவன் நிலக்கரிச் சுரங்கத்தைக் காண நேர்ந்தது. 1980இல் மூடப்பட்ட அச்சுரங்கம் மூன்றாண்டுகளில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பழைய சுரங்கத் தொழிலாளரே பார்வையாளரை நிலத்தடிக்கு அழைத்துச் சென்றனர். இங்கு நாம் கருத வேண்டியது மூன்றாண்டு என்னும் காலம். உழைத்தவர் உயிரோடும் குரலோடும் இருக்கையிலேயே அது நிகழ்ந்தது. நம் தோட்டங்களில் பால்வெட்டிய தலைமுறை எழுபது எண்பது வயதைத் தாண்டிவிட்டது.

உள்நாட்டிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. பினாங்கில் ஜேனட் பிள்ளை முதலியோரின் முயற்சியால் 2000களின் தொடக்கத்தில் உருப்பெற்ற 'அனாக்-அனாக் கோத்தா' என்னும் திட்டம், ஜார்ஜ் டவுனின் பள்ளிப் பிள்ளைகளைத் தெருவுக்கு அனுப்பியது. பிள்ளைகள் கைவினைஞரையும் வணிகரையும் பேட்டி கண்டனர், வரைபடம் வரைந்தனர், கண்டதை நாடகமாகவும் ஓவியமாகவும் ஆக்கினர். ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமைத் தகுதி பெற்றது 2008இல். அத்தகுதிக்கு முன்பே அந்நகரப் பிள்ளைகள் தம் தெருக்களை அறிந்திருந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.

இழந்தவற்றின் பட்டியல்

எதிர்காலம் பற்றிய கற்பனை வெறுமையில் பிறப்பதில்லை. இழப்புகளின் நினைவிலிருந்தே அது எழுகிறது. 2009இல் பினாங்கின் கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டது. 2013இல் கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்கில் ஒரு பழஞ்சண்டியின் அடித்தளம் மேம்பாட்டு வேலையின்போது அழிக்கப்பட்ட செய்தி வெளியாகி நாடே அதிர்ந்தது. ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழமை கூட அறிவிக்கப்படாத நிலத்தில் காப்பாகாது என்பது அன்று தெளிவாயிற்று. சுபாங் ஜெயாவில் சீபீல்டுத் தோட்டம் மறைந்து வீடமைப்புப் பகுதியான பின்னும் அதன் மாரியம்மன் கோயில் நின்றது. அக்கோயில் நிலம் பற்றிய பிணக்கு 2018 நவம்பரில் கலவரமாக வெடித்து ஒரு தீயணைப்பு வீரரின் உயிரையும் பறித்தது. தோட்டம் முழுமையாக இருக்கையில் எவரும் பேசாத ஒன்று, அதன் கடைசித் துண்டு எஞ்சும்போது மட்டும் சினமாகிறது. காலம் தாழ்ந்த பேச்சு பெரும்பாலும் வழக்குமன்றத்திலோ தெருவிலோதான் முடிகிறது.

பிரிக்பீல்ட்ஸ் வேறு வகையான எடுத்துக்காட்டு. 2010 அக்டோபரில் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் இருவர் முன்னிலையில் அது 'லிட்டில் இந்தியா'வாகத் திறந்து வைக்கப்பட்டது. வளைவுகளும் வண்ணங்களும் வந்தன. வணிகமும் பெருகியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் செங்கல் சூளைகளாலும் இரயில்வே ஊழியர் குடியிருப்புகளாலும் உருவான ஒரு வட்டாரம், எந்நாட்டிலும் காணத்தக்க பொதுவான இந்தியத் தோற்றத்தைப் போர்த்திக்கொண்டது. ஒரு மரபிடத்திற்கு இடிபாடு நேராமலே அதன் தனித்தன்மை கரையக்கூடும் என்பதே நம் கருத்து.

அருங்காட்சியகம் என்னும் முதல் விடை

தோட்டத்து இடம் ஒன்றின் எதிர்காலத்தைக் கற்பனை செய்யுமாறு கேட்டால், மாணவரிடமிருந்து முதலில் வரும் விடை அருங்காட்சியகம்; அடுத்து சுவரோவியம்; அதற்கடுத்து நிழற்படம் எடுத்துக்கொள்ள ஓர் அலங்கார வளைவு. இவ்விடைகளை நாம் குறைகூறுவதில்லை. தாம் கண்டவற்றைக் கொண்டே எவரும் கற்பனை செய்வர். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் அக்கற்பனையில் எதிர்காலம் இல்லை. கடந்த காலத்திற்கு ஒரு கண்ணாடிப் பெட்டி மட்டுமே உண்டு. இரண்டாம் சுற்றில் வினாவை மாற்ற வேண்டியுள்ளது. அந்த இடத்திற்கு எவர் வருவர்? எதற்காக வருவர்? யார் துடைத்துப் பெருக்குவர்? மின்கட்டணம் எவர் செலுத்துவர்? இன்று அத்தோட்டத்தில் பழக்குலை வெட்டும் இந்தோனேசியத் தொழிலாளியும் வங்காளதேசத் தொழிலாளியும் அவ்வரலாற்றில் எங்கே நிற்பர்?

இக்கடைசி வினா பலரைத் திகைக்க வைக்கும். பழைய லயங்கள் சிலவற்றில் இன்று வாழ்வோர் அவர்களே. நம் முன்னோர் குடியிருந்த அறையில் இன்னொரு நாட்டிலிருந்து வந்த உழைப்பாளி கடன் சுமையுடன் உறங்குகிறான் என்பது, மரபிடத்தை நம் இனத்தின் உடைமையாக மட்டும் காண்பதை இயலாததாக்குகிறது. தோட்டத்து மரபு தமிழரின் துயர வரலாறு மட்டும் அன்று. புலம்பெயர் உழைப்பின் தொடர்வரலாறு. இப்பார்வையுடன் அமையும் ஒரு நினைவிடம் பழமையைக் காட்டுவதோடு நில்லாமல் நிகழ்காலத்தையும் கேள்வி கேட்கும். எல்லோரும் இதற்கு உடன்பட மாட்டார்கள். குறிப்பாக, நம் இழப்பே இன்னும் ஏற்கப்படாத நிலையில் பிறர் கதையையும் ஏன் சுமக்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

காற்றையும் நீரையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும். 2018 சனவரியில் சீனா நெகிழிக் கழிவு இறக்குமதியைத் தடை செய்ததும், அக்கழிவு மலேசியாவின் பக்கம் திரும்பியது. கோல லங்காட்டில் உரிமம் பெறாத பல ஆலைகள் முளைத்தன. இரவுகளில் நெகிழி எரியும் நாற்றத்தால் ஜெஞ்சாரோம் மக்கள் மூச்சுத் திணறினர். ஊர் மக்களே சான்றுகளைத் திரட்டி அதிகாரிகளிடம் முறையிட்டனர். அவ்வாண்டிலேயே முப்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள் மூடப்பட்டன. வேலி போட்டு அமைக்கப்பட்ட ஊரின் மக்கள் தம் காற்றுக்காகப் போராடி வென்ற இந்நிகழ்வும் ஒரு நாள் இவ்வூரின் மரபுரிமையாகக் கருதப்படும் என்று நாம் எண்ணுகிறோம். வாழத் தகாத ஊரில் எந்த மரபிடமும் நிலைக்காது.

செம்பனையின் நாட்காட்டி

செம்பனை மரத்தின் பயன்காலம் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு. அதற்குமேல் மரம் உயர்ந்து குலை வெட்டுதல் கடினமாவதோடு விளைச்சலும் குறையும். பழைய மரங்களை வீழ்த்தி மறுநடவு செய்வர். ஆகவே இன்று கேரித் தீவில் ஒரு கன்று நடப்படுமாயின், அது 2050க்குப் பின் வீழ்த்தப்படும் என்பதைத் தோட்ட நிறுவனம் இப்போதே அறியும். எந்தப் பிரிவில் எந்த ஆண்டு மறுநடவு, எந்தச் சாலை விரிவு, எந்த நிலம் தொழிற்பேட்டைக்கு என்பன ஏடுகளில் எழுதப்பட்டுள்ளன. அத்தீவில் பெருந்துறைமுகம் அமைக்கும் எண்ணமும் 2017 முதல் அரசு மட்டத்தில் பேசப்பட்டு வருகிறது. அதாவது இந்நிலத்தின் எதிர்காலம் கற்பனை செய்யப்படாமல் இல்லை. அது நன்றாகவே கற்பனை செய்யப்பட்டுள்ளது. அதில் லயமும் பெரட்டுக் களமும் சாமி மரமும் குறிக்கப்படவில்லை என்பதே சிக்கல்.

இளையோரின் கற்பனைக்கு இங்குத்தான் நடைமுறைப் பயன் உண்டு. நிறுவனத்தின் வரைபடத்துக்கு இணையாக மற்றொரு வரைபடம் வேண்டும். அதனை வரைவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பாட்டியை அமர்த்தி, வீட்டு வாசலிலிருந்து பெரட்டுக் களத்திற்கு எத்தனை நிமிட நடை, வழியில் எந்தக் கால்வாய், எந்த மரத்தடியில் பேய் பயம், கள்ளுக்கடை எந்தத் திருப்பத்தில், இடுகாடு எத்திசையில் என்று கேட்டுத் தாளில் குறிக்க வேண்டும். மறுநாள் மற்றொரு முதியவரிடம் அதே வினாக்களைக் கேட்க வேண்டும். இருவர் சொல்வதும் மாறுபடும். மாறுபடும் இடங்களில்தான் பெரும்பாலும் சுவையான செய்தி கிடைக்கும். ஆண் சொல்லும் தோட்டமும் பெண் சொல்லும் தோட்டமும் ஒன்றல்ல. ஆணின் வரைபடத்தில் திடலும் கள்ளுக்கடையும் பெரிதாக இருக்கும். பெண்ணின் வரைபடத்தில் தண்ணீர்க் குழாயும் ஆயாக் கொட்டகையும் விறகு பொறுக்கிய வழியும் இருக்கும். பிறகு அத்தாளின்மேல் மெல்லிய தாளை விரித்து, இவற்றுள் 2050இல் எது இருக்க வேண்டும் என்று மாணவர் குறிக்கலாம். எல்லாவற்றையும் காக்க இயலாது. எதனை விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்வதே இப்பயிற்சியின் கடினமான பகுதி.

இதற்குத் தொடக்கப் புள்ளியாகத் தமிழ்ப்பள்ளிகளைச் சுட்டலாம். 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கை இன்று ஏறக்குறைய 530 அளவில் உள்ளது. தோட்டம் மறைந்து பள்ளி நகருக்கு இடம்பெயர்ந்த பின்னும் பல பள்ளிகளின் பெயரில் 'லாடாங்' என்னும் சொல் நீடிக்கிறது. மாணவர்க்கு அச்சொல்லின் பொருள் தெரியும். அந்தத் தோட்டம் எங்கிருந்தது என்பது தெரியாது. ஒரு தோட்டத்தின் பெயர் நிலத்தில் அழிந்து பள்ளிச் சட்டைப் பையின் முத்திரையில் மட்டும் வாழ்கிறது. சில பள்ளிகள் புதிய பெயரை நாடி 'லாடாங்'கை நீக்கிக்கொண்டன. தோட்டம் என்பதில் வறுமையின் நிழல் இருப்பதாகப் பெற்றோர் சிலர் கருதுவது புரிந்துகொள்ளத்தக்கதே.

அப்பள்ளிகளின் அலமாரிகளில் சேர்க்கைப் பதிவேடுகள் உள்ளன. மாணவர் பெயர், தந்தை பெயர், குடியிருந்த பிரிவு, சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் என்னும் கட்டங்களில் தலைமையாசிரியர்கள் கையால் எழுதியவை. 'விலகிய காரணம்' என்னும் கட்டத்தைத் தொடர்ந்து படித்தால், ஒரு தோட்டம் எந்த ஆண்டில் கரையத் தொடங்கியது என்பதை எந்த நிறுவன அறிக்கையும் தேவையின்றி அறியலாம். கரையானும் ஈரமும் வருமுன் அவற்றைப் படியெடுக்க, கைப்பேசியும் ஒரு விடுமுறை வாரமும் போதும். பள்ளி நிருவாகத்தின் எழுத்துவழி இசைவைப் பெறுதலும், அண்மைக் காலத்துப் பக்கங்களைத் தொடாமல் விடுதலும் இதில் கைக்கொள்ள வேண்டிய நெறிகள்.